நின்றுபோன இதயத்தைத் தானம் செய்ய முடியுமா? குமரி மாவட்டத்திலிருந்து வந்த ஒரு கேள்விக்குப் பதில்

நீங்கள் எழுதியதை வாசிக்கிறவர்களுக்காக முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அழகியமண்டபம் பக்கம் நடந்த பைக் விபத்தில் உங்கள் அண்ணனுக்குத் தலையில் பலத்த அடி. ஒன்பது நாள் வென்டிலேட்டரில் இருந்தார். "இனி மீள மாட்டார், ஆனால் மூளைச்சாவு என்று எழுத முடியாது, டியூபை அசைத்தால் லேசாக இருமுகிறார், தானாக ஓரிரு மூச்சு எடுக்கிறார்" என்று டாக்டர்கள் சொன்னார்கள். உறுப்புகளைக் கொடுக்கிறோம் என்று நீங்களே கேட்டீர்கள், முடியாது என்று பதில் வந்தது. கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். அன்று இரவே இறந்தார், கண்களை மட்டும் கொடுத்தீர்கள். இப்போது, வெளிநாடுகளில் துடிப்பு நின்றபின் இதயத்தை எடுத்து வேறொருவருக்குப் பொருத்துகிறார்கள் என்று படித்துவிட்டு, "அங்கே முடிவது இங்கே ஏன் முடியவில்லை? நின்ற இதயம் திரும்பத் துடிக்கும் என்றால் எங்கள் அண்ணன் உண்மையிலேயே இறந்துவிட்டாரா?" என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், உங்கள் விருப்பத்தை இப்போதே எழுதிவைத்தால் பயன் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கேள்விகள் மூன்றாக இருந்தாலும் அடியில் கிடப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. அவசரப்பட்டுவிட்டோமோ என்ற பயம். அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதில் அவசரம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. உங்கள் அண்ணனின் ஸ்கேனையோ கேஸ் ஷீட்டையோ நான் பார்க்கவில்லை, அதனால் இதற்குமேல் அழுத்திச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவரைப் பார்த்த டாக்டரிடம் போய் உட்கார்ந்து அந்த ஒன்பது நாளையும் நாள்வாரியாகக் கேளுங்கள். சிகிச்சை விவரங்களைக் கேட்டுப் பெறுவது குடும்பத்தின் உரிமை. மற்றபடி, மூளை மீள முடியாதபடி சிதைந்திருப்பதும் மூளைச்சாவும் வெவ்வேறு நிலைகள். மூளைச்சாவு என்றால் மூச்சு, இருமல் எதுவும் திரும்ப வராதபடி நின்றிருக்க வேண்டும். முதலாவதில் இருக்கிறவருக்கும் இருமல் வரலாம், மூச்சு வரலாம், கண்மணி சுருங்கலாம். அவை இருப்பதால் மட்டும் அவர் பிழைத்து எழுவார் என்று ஆகாது.

நான் தக்கலைப் பக்கத்துக்காரன். வேலை பெர்ஃப்யூஷனிஸ்ட். இதய ஆபரேஷன் நடக்கும்போது இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் செய்யும் ஹார்ட்-லங் மெஷினை ஓட்டுகிறவன். சென்னையில் பல வருடம் பார்த்தேன், பிறகு இங்கிலாந்தில் இதய மாற்று அணியோடு சில வருடம். இதயம் நிற்பதும் மறுபடி துடிப்பதும் என் அன்றாட வேலை என்பதால் அதைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். மூளை நரம்பியலும் சட்டமும் என் படிப்பு அல்ல. அங்கே எனக்குத் தெரிந்த அளவோடு நின்றுகொள்வேன்.

இதயத்துக்குத் துடிக்கச் சொல்லி மூளை கட்டளை அனுப்ப வேண்டியதில்லை. அதன் வலது மேலறையில் இருக்கும் ஒரு சிறு திசுக்கூட்டம் தானாகவே மின்துடிப்பை உண்டாக்குகிறது. மூளை அதன் வேகத்தைக் கூட்டும், குறைக்கும், அவ்வளவுதான். அதனால்தான் மூளைச்சாவு அடைந்தவரின் இதயம், வென்டிலேட்டர் ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும் வரை துடித்துக்கொண்டே இருக்கிறது. நம் நாட்டில் வழக்கமாக நடக்கும் இதய மாற்று எல்லாம் இந்த வழியில்தான். துடிக்கும் இதயத்துக்குள் பொட்டாசியம் கலந்த குளிர்ந்த கரைசலைச் செலுத்துவார்கள். அது அங்கேயே நின்றுவிடும். எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, சுமார் நான்கு மணி நேரத்துக்குள் இன்னொருவருக்குள் பொருத்தி இரத்தம் விட்டால் மறுபடி துடிக்கும். ஆக, வழக்கமான இதய மாற்றிலும் இடையில் இதயம் நிற்கத்தான் செய்கிறது. சாதாரண வால்வு ஆபரேஷனிலும் ஒரு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும், இதே முறையில் இதயத்தை நிறுத்திவைத்துத்தான் தைக்கிறார்கள்.

அப்படியானால் ஒன்பதாம் நாள் இரவு தானாக நின்ற இதயத்தையும் இப்படி எடுத்திருக்கலாமே என்று தோன்றும். எப்படி நிற்கிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. குளச்சல் வள்ளத்து எஞ்சினைச் சாவி திருப்பி நிறுத்துவதும், அது ஆயில் இல்லாமல் ஓடி இறுகி நிற்பதும் ஒன்றல்ல. பொட்டாசியத்தால் நிற்கும் இதயம் குளிர்ந்து, ஓய்ந்து, கையிருப்புச் சக்தியோடு நிற்கிறது. உயிர் பிரியும்போது நிற்கும் இதயமோ உடல் சூட்டிலேயே, ஆக்சிஜன் குறைந்துகொண்டே வர, கடைசி வரை போராடிவிட்டு நிற்கிறது. தசைக்குள் எரிசக்தி தீர்ந்து லாக்டிக் அமிலம் சேர்கிறது. செல்களுக்குள் கால்சியம் நிரம்பி, பிறகு இரத்தம் திரும்ப வரும்போது அதுவே ஒரு தாக்குதலாகிறது. வலது அறை வீங்கிப் பிதுங்கி நிற்கும். இத்தனைக்குப் பிறகும் ஒரு சிறிய இடைவெளியில், ஏறத்தாழ அரை மணி நேரத்துக்குள், அந்தத் தசைக்கு இரத்தம் கிடைத்தால் அது மீள வாய்ப்பு உண்டு. முழுத் தொழில்நுட்பமும் அந்த அரை மணி நேரத்துக்குள்தான் நிற்கிறது. அந்தக் கணக்கும் நாடித்துடிப்பு நின்ற நிமிடத்திலிருந்து தொடங்குவதில்லை. இரத்த அழுத்தம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கிய நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்குவார்கள், ஏனென்றால் இதயத் தசை அப்போதே பட்டினி கிடக்க ஆரம்பித்துவிடுகிறது.

இது முற்றிலும் புதிய யோசனையும் அல்ல. 1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுனின் குரூட்டே ஷூர் மருத்துவமனையில் கிறிஸ்டியான் பர்னார்ட் முதன்முதலாக மனித இதயத்தை மாற்றிப் பொருத்தியபோது, மூளைச்சாவு என்ற வரையறையே மருத்துவ உலகில் நிலைபெறவில்லை. ஹார்வர்டு குழுவின் வரையறை 1968-இல்தான் வந்தது. இறப்பு என்றால் இதயம் நிற்பது என்றுதான் அன்று கணக்கு. மூளைச்சாவு வரையறை வந்த பிறகு, துடிக்கும் இதயத்தை எடுப்பதே நல்ல பலன் தந்ததால் எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். இரத்த ஓட்டம் நின்று இறந்தவரிடமிருந்து சிறுநீரகமும் கல்லீரலும் எடுப்பது பல நாடுகளில் தொடர்ந்தது, இதயம் மட்டும் தாங்காது என்று விடப்பட்டது. 2014-இல் சிட்னி செயின்ட் வின்சென்ட் மருத்துவமனை அணி அந்த எண்ணத்தை மாற்றியது. வேறொரு மருத்துவமனையில் இறந்தவரின் நின்ற இதயத்தை எடுத்து, இரத்தம் ஓட்டும் பெட்டியில் துடிக்கவைத்து, கொண்டுவந்து பொருத்தினார்கள். அடுத்த வருடம் இங்கிலாந்தின் பாப்வொர்த் மருத்துவமனை, 2019 டிசம்பரில் அமெரிக்காவின் டியூக் என்று பரவியது.

அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியின் மையம் அதில்தான் இருக்கிறது. தானம் கொடுத்தவரின் நெஞ்சைத் திறந்ததும் இதயத்தை எடுப்பதற்கு முன்பே ஒரு லிட்டருக்கு மேல் இரத்தத்தை ஒரு பையில் வடித்து எங்களிடம் தருவார்கள். அதை வடிகட்டி, மருந்து கலந்து, பெட்டிக்குள் சுற்ற விட்டுத் தயாராக நிற்பது எங்கள் வேலை. இதயம் வரும்போது தளர்ந்து, நீலம் பாரித்து இருக்கும். பெருந்தமனியில் ஒரு குழாய், நுரையீரல் தமனியில் ஒரு குழாய். பெருந்தமனி வழியாக வெதுவெதுப்பான, ஆக்சிஜன் ஏறிய இரத்தம் நுழைந்து, கரோனரி குழாய்கள் வழியாக இதயத் தசைக்குள் மட்டும் ஓடி, வலது பக்கம் வழியாக வெளியே வந்து மறுபடி பெட்டிக்குள் போகும். முதல் நிமிடத்திலேயே நிறம் மாறத் தொடங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். ஊதா சிவப்பாகும், தசை இறுகும், பிறகு புழு நெளிவதுபோல் ஒழுங்கில்லாமல் நடுங்கும். சில இதயங்கள் தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும். சிலவற்றுக்குச் சிறு மின் அதிர்ச்சி கொடுக்க வேண்டும். சூடு 34 டிகிரிக்கு வந்ததும் சீராகத் துடிக்கும்.

துடிக்கிறது என்பதால் மட்டும் அது நல்ல இதயம் ஆகிவிடாது. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. பெட்டிக்குள் துடிக்கும் இதயம் எந்தச் சுமையையும் தூக்கவில்லை, இடது அறை காலியாக இருக்கிறது. ஒரு மனித உடலுக்கு இரத்தம் தள்ளும் திறன் அதற்கு இருக்கிறதா என்பது அந்தத் துடிப்பைப் பார்த்து முழுமையாகத் தெரியாது. அதனால் நாங்கள் இதயத்துக்குள் போகும் இரத்தத்தையும் வெளியே வரும் இரத்தத்தையும் சிரிஞ்சில் எடுத்து லாக்டேட், அதாவது முன்பு சொன்ன லாக்டிக் அமிலத்தின், அளவைப் பார்த்துக்கொண்டே இருப்போம். உள்ளே போவதைவிட வெளியே வருவதில் லாக்டேட் குறைவாக இருந்தால், தசை உயிரோடு இருந்து அதை எரிபொருளாக உபயோகிக்கிறது என்று பொருள். மொத்த அளவு இறங்கிக்கொண்டே வர வேண்டும். ஏறிக்கொண்டே போனால், கண்ணுக்கு எவ்வளவு அழகாகத் துடித்தாலும் அந்த இதயத்தைப் பொருத்த மாட்டார்கள். இந்தக் கணிப்பு நூற்றுக்கு நூறு சரியாக இருக்கும் என்றும் சொல்வதற்கில்லை. லாக்டேட் நன்றாக இருந்தும் பொருத்தியபின் திணறும் இதயங்கள் உண்டு.

இப்போது உங்களை உறுத்தும் கேள்விக்கு வருகிறேன். பெட்டிக்குள் துடிக்கும் என்றால் உடலுக்குள்ளேயே துடிக்கவைத்து அவரைக் காப்பாற்றியிருக்கலாமே? துடிக்கும் இதயத்தைத் திரும்ப உள்ளே வைத்தாலும் அந்த மனிதர் திரும்பி வர மாட்டார், ஏனென்றால் அவரை வாழவிடாமல் செய்தது இதயம் அல்ல, மூளையில் பட்ட அடி. இதயத் தசை ஒரு உறுப்பு, அது ஆக்சிஜன் இல்லாமல் பத்து இருபது நிமிடம் தாக்குப்பிடிக்கும். மூளை அப்படியல்ல. இரத்த ஓட்டம் நின்ற சில நொடிகளில் நினைவு போய்விடும், சில நிமிடங்களில் மீளாச் சேதம் தொடங்கிவிடும். அதனால் மருத்துவம் இங்கே இறப்பை இதயத் தசையின் தகுதியை வைத்து அளப்பதில்லை. இரத்த ஓட்டம் நின்றது, அது தானாகத் திரும்பாது, யாரும் திருப்பப் போவதும் இல்லை என்று ஏற்கெனவே முடிவாகியிருக்கிறது என்பதை வைத்தே அளக்கிறது.

தானாகத் திரும்பாது என்பதை எப்படி உறுதியாகச் சொல்வது? இங்கிலாந்தில் துடிப்பு நின்றபின் ஐந்து நிமிடம் யாரும் உடலைத் தொடக்கூடாது. தமனிக்குள் இருக்கும் குழாய் காட்டும் கோட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். கனடா, செக் குடியரசு, நெதர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் ஐசியுக்களில் 631 பேரைக் கவனித்த ஒரு ஆய்வு 2021-இல் வெளிவந்தது. உயிர்காப்புக் கருவிகளை விலக்கியபின் துடிப்பு நின்று, சிலருக்குச் சற்றுநேரம் இதயம் மறுபடி அசைந்தது உண்மை. துடிப்பின் அலைவடிவப் பதிவு முழுமையாக இருந்தவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்கு அப்படி நடந்திருக்கிறது. ஆனால் மிக நீண்ட இடைவெளியே 4 நிமிடம் 20 நொடிதான். எல்லோருமே இறந்துபோனார்கள். ஐந்து நிமிடம் என்ற எல்லைக்கு இது நல்ல ஆதாரம். சில நாடுகளில் இதைவிடக் குறைவாகக் காத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டென்வரில் குழந்தைகளுக்கு 75 நொடி மட்டுமே காத்திருந்து எடுத்ததாக 2008-இல் வெளியான கட்டுரை பெரும் சர்ச்சையானது. அது எனக்கும் ஒப்பவில்லை. வீட்டில் இறந்த உங்கள் அண்ணனைப் பொறுத்தவரை இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. கண் எடுக்க ஆட்கள் வந்து சேர்வதற்குள்ளேயே நிமிடங்கள் பல கடந்திருக்கும்.

இந்தத் துறைக்குள்ளேயே தீராத ஒரு விவாதம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. பெட்டி இல்லாமல் இன்னொரு வழியும் இருக்கிறது. இறப்பை அறிவித்தபின் நெஞ்சைத் திறந்து, மூளைக்குப் போகும் தமனிகளைக் கவ்வி அடைத்துவிட்டு, உடலுக்குள் மெஷின் மூலம் இரத்தத்தை ஓடவிடுவார்கள். இதயம் தன் இடத்திலேயே துடிக்கத் தொடங்கும், உண்மையான சுமையோடு அதைச் சோதித்துப் பார்க்கலாம், செலவும் குறைவு. தொழில்நுட்பமாகப் பார்த்தால் எனக்கு இதுவே மேலான முறை. ஆனால் இரத்த ஓட்டம் நின்றதால் இறந்தார் என்று அறிவித்த உடலில் மறுபடி இரத்தத்தை ஓடவிட்டால் அந்த அறிவிப்பு என்ன ஆகும், மூளைக்கு ஒரு துளிகூடப் போகவில்லை என்று எப்படி நிச்சயமாகச் சொல்வது என்ற கேள்விகள் எழுந்தன. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2021-இல் இந்த முறையை நிறுத்திவைக்கச் சொன்னது. வேறு பலர் அதில் தவறில்லை என்கிறார்கள். என் கருத்தைக் கேட்டால், மூளைக்கான தமனிகள் அடைபட்டிருப்பதை ஒவ்வொரு முறையும் அளந்து காட்டாத இடத்தில் இதைச் செய்யக்கூடாது. 2025-இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் அணி, இதயத்தைத் துடிக்கவைக்காமலேயே ஆக்சிஜன் நிறைந்த குளிர்க் கரைசலைச் செலுத்திப் பாதுகாக்கும் ஒரு முறையை வெளியிட்டது. இந்தச் சிக்கலைத் தாண்டத்தான் அந்த முயற்சி. பொருத்தியவர்களின் எண்ணிக்கை அந்தக் கட்டுரையில் மிகக் குறைவு, அதை வைத்து முடிவு சொல்ல முடியாது.

பலன் எப்படி? 2023-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் 180 பேருக்கு இதயம் பொருத்தப்பட்டது, பாதிப்பேருக்கு மூளைச்சாவு வழியில், பாதிப்பேருக்கு இரத்த ஓட்டம் நின்ற வழியில். ஆறு மாதம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், நோயின் தீவிரத்தைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்தபின், முறையே 90 சதவீதமும் 94 சதவீதமும். நின்ற இதயம் மட்டமானது அல்ல என்று ஆறு மாத அளவில் உறுதியாகச் சொல்லலாம். ஆனால் பொருத்திய முதல் நாட்களில் புது இதயம் திணறுவது இந்த வழியில் அதிகம். பதினைந்து இருபது வருடக் கணக்கு, இந்த முறைக்கு வயது போதாததால், இன்னும் யாரிடமும் இல்லை.

சரி, இங்கே ஏன் முடியவில்லை? பெட்டி இல்லாததால் என்று சொல்லிவிடலாம், அது பொய்யும் அல்ல. ஒவ்வொரு முறைக்கும் புதிதாக மாட்ட வேண்டிய பாகங்களுக்கே பல பத்தாயிரம் டாலர் ஆகிறது. ஆனால் நாளைக்கே யாராவது ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு அந்தப் பெட்டியை இலவசமாகக் கொடுத்தாலும் உங்கள் அண்ணன் விஷயத்தில் எதுவும் மாறியிருக்காது. அதற்கு முன்னால் நடக்க வேண்டிய ஒன்று நம்மிடம் நடப்பதில்லை. இந்தப் பதிலில் நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இதுதான்.

இங்கிலாந்தில் நடப்பது இப்படி. இவர் மீள மாட்டார், இனிக் கருவிகள் அவருக்கு எந்த நன்மையும் செய்யவில்லை என்று ஐசியு டாக்டர்கள் முடிவுக்கு வந்து, குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி, கருவிகளை விலக்குவது என்று முதலில் தீர்மானிக்கிறார்கள். தானத்தைப் பற்றிய முறையான பேச்சு அதற்குப் பிறகு, அதற்கென்றே பயிற்சி பெற்ற நர்ஸ் வழியாக நடக்கிறது. உறுப்பு எடுக்கிற அணிக்கும் இந்த முடிவுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது, இறப்பை அறிவிப்பதும் அவர்கள் அல்ல. வலி, மூச்சுத்திணறல் தெரியாமல் மருந்து கொடுத்து, குடும்பம் பக்கத்தில் இருக்க, டியூபை எடுக்கிறார்கள். நாங்கள் பக்கத்துக் கட்டிடத்தில் பெட்டியோடு காத்திருப்போம். சிலர் அரை மணி நேரத்துக்குள் இறப்பார்கள். சிலர் மணிக்கணக்கில் மூச்சு விட்டுக்கொண்டே இருப்பார்கள். அப்படியானால் இதய தானம் இல்லை, அவரை வார்டுக்கு மாற்றி அமைதியாக இறக்க விடுவார்கள், நாங்கள் வெறும் பெட்டியோடு திரும்புவோம். அப்படித் திரும்பிய இரவுகள் எனக்கு உண்டு. யாரும் எதையும் வேகப்படுத்த மாட்டார்கள். இந்த முறையின் நேர்மை முழுக்க அந்த வெறும் பெட்டியில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

நம் ஊரில் அதே தீர்மானத்தைக் குடும்பம் எடுக்கிறது, ஆனால் அதற்குப் பெயர் வேறு. "வீட்டுக்குக் கொண்டு போறோம்" என்று கையெழுத்து. டாக்டரின் ஆலோசனையை மீறிப் போனதாக ஒரு தாள். ஆம்புலன்ஸில் ஒருவர் கையால் மூச்சு கொடுக்கும் ஆம்பு பையை அமுக்கிக்கொண்டே வருவார், வீட்டுத் திண்ணையிலோ உள் அறையிலோ கிடத்தி டியூபை எடுப்பார்கள். மார்த்தாண்டம், கருங்கல், குலசேகரம் என்று எந்தப் பக்கம் விசாரித்தாலும் இப்படி ஒரு சாவு நடந்த வீடு இருக்கும். டாக்டர்கள் சட்டச் சிக்கலுக்குப் பயப்படுகிறார்கள். குடும்பங்கள் பில்லுக்குப் பயப்படுகின்றன. அவரை வீட்டில் வைத்துப் போகவிட வேண்டும் என்ற ஆசையும் சேர்ந்துகொள்கிறது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தீர்மானம் ஐசியுவுக்குள், திறந்த பேச்சாக, காகிதத்தில் பதிவாகி நடக்காத வரை இரத்த ஓட்டம் நின்றபின் இதய தானம் என்பதற்கு இங்கே இடமே கிடையாது. உங்களிடம் முடியாது என்று சொன்னவர்கள் உங்களை ஏமாற்றவில்லை. ஏன் முடியாது என்பதை உட்காரவைத்து விளக்கியிருக்க வேண்டும், அது நடக்கவில்லை என்ற உங்கள் வருத்தம் நியாயமானது.

சட்டம் தடுக்கிறதா என்றால், நான் வழக்கறிஞன் அல்ல என்ற எச்சரிக்கையோடு சொல்கிறேன், நேரடியாகத் தடுப்பதாகத் தெரியவில்லை. 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் இறந்தவர் யார் என்று வரையறுக்கும்போது மூளைத்தண்டுச் சாவையும் சொல்கிறது, இதயமும் மூச்சும் நின்ற சாவையும் சொல்கிறது. சண்டிகர் பிஜிஐ மருத்துவமனையில் இரண்டாவது வழியில் இறந்தவர்களிடமிருந்து சிறுநீரகம் எடுத்துப் பொருத்தியிருக்கிறார்கள். உயிர்காப்புக் கருவிகளை விலக்குவதற்கு உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் வழி வகுத்தது. அதில் இருந்த நடைமுறைகள் கடினமாக இருந்ததால் 2023 ஜனவரியில் இலகுவாக்கியது. இப்போது மருத்துவமனை அமைக்கும் ஒரு மருத்துவக் குழு பார்த்து, இரண்டாவது குழு அதை உறுதிசெய்து, குடும்பம் சம்மதித்து, குற்றவியல் நடுவருக்குத் தகவல் கொடுத்துவிட்டுச் செய்யலாம். மூளைச்சாவுக்கான நடைமுறை நம்மிடம் நன்றாக ஊறிவிட்டது. நான்கு டாக்டர்கள், ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதனை, வென்டிலேட்டரை விலக்கி மூச்சு வருகிறதா என்று பார்க்கும் சோதனை உட்பட. 2008-இல் திருக்கழுக்குன்றம் மருத்துவத் தம்பதி தங்கள் மகனின் உறுப்புகளைக் கொடுத்த பிறகு தமிழ்நாட்டில் அது வேகம் பிடித்தது. 2023 முதல் கொடையாளரின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதையும் தருகிறார்கள். உங்கள் அண்ணன் மூச்சு எடுத்தார் என்பதாலேயே அந்தக் கதவு மூடிவிட்டது. மூச்சு எடுக்கிறவரை மூளைச்சாவு என்று எழுதாத டாக்டர்கள் சரியாகவே நடந்துகொண்டிருக்கிறார்கள். அந்த விஷயத்தில் வளைந்துகொடுக்கிற மருத்துவமனையைப் பார்த்துத்தான் நாம் பயப்பட வேண்டும்.

குமரி மாவட்டத்துக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. நாகர்கோவிலிலிருந்து சென்னை சுமார் 700 கிலோமீட்டர். ஐஸ் பெட்டி தரும் நான்கு மணி நேரத்துக்குள் அதைத் தாண்ட விமானம் வேண்டும், அதற்குத் திருவனந்தபுரமோ தூத்துக்குடியோ போக வேண்டும். களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் எழுபது கிலோமீட்டர்தான் என்றாலும் மார்த்தாண்டம் நெரிசலைத் தாண்டுவதற்கே நேரம் போய்விடும். உறுப்பு ஒதுக்கீடும் முதலில் நம் மாநிலப் பட்டியலைத்தான் பார்க்கும், பிறகுதான் வெளியே. இரத்தம் ஓட்டும் பெட்டியில் நேரம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால், மூளைச்சாவு வழியிலான தானத்துக்கே அது நம் போன்ற கடைக்கோடி மாவட்டத்துக்குப் பெரிதாக உதவும். எனக்கு அதிகாரம் இருந்தால் அந்தக் காரணத்துக்காகத்தான் முதலில் அதைத் தென் மாவட்டத்துக்குக் கொண்டுவருவேன்.

நீங்கள் கொடுத்த கண்களைப் பற்றி "அது மட்டும்தான் கொடுக்க முடிந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் இறப்பவரிடமிருந்து பெரும்பாலும் கொடுக்கக்கூடியது அதுதான். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் போதும், பெட்டியும் வேண்டாம், விமானமும் வேண்டாம். கருவிழி இரண்டும் இரண்டு பேருக்குப் போகலாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், அப்படிக் கொடுக்க நினைத்தால் மேலே ஓடும் ஃபேனை நிறுத்துங்கள், இமைகளை மூடி ஈரப் பஞ்சை வையுங்கள், தலைக்குக் கீழே ஒரு தலையணை வைத்துச் சற்று உயர்த்துங்கள், உடனே கண் வங்கிக்கு ஃபோன் செய்யுங்கள். கண்ணாடி போட்டவர், சர்க்கரை உள்ளவர், கண்புரை ஆபரேஷன் செய்தவர் என்று பார்த்து நீங்களே வேண்டாம் என்று முடிவு செய்யாதீர்கள், வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கடைசியாக, எழுதிவைத்தால் பயன் உண்டா என்று கேட்டதற்கு. உண்டு, ஆனால் இரண்டு தனித்தனித் தாள்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று உறுப்பு தான உறுதிமொழி. அதைத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்திலோ தேசிய அமைப்பிலோ இணையத்திலேயே பதியலாம். நடைமுறையில் அந்த நேரத்தில் குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் எந்த மருத்துவமனையும் எடுக்காது, எனவே மனைவிக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும் வாயால் சொல்லியிருக்க வேண்டும். இன்னொன்று, மீளாத நிலை வந்தால் எதுவரை கருவிகளில் வைத்திருக்க வேண்டும் என்ற முன்விருப்ப ஆவணம். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும் என்று 2023 உத்தரவு சொல்கிறது. யார் உங்களுக்காகப் பேசுவார் என்று அதில் பெயர் எழுத வேண்டும். முதல் தாளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், இரண்டாவதைப் பற்றி நம் பக்கம் அநேகமாக யாருமே பேசுவதில்லை. எழுதும்போது வாசகங்களை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஒரு நகலை உங்கள் குடும்ப டாக்டரிடம் கொடுத்துவையுங்கள்.